ஆட்டிறைச்சி உருண்டை கறியில் போட்டதும் கரைந்து போகிறது, எங்கே பிழை?

கல்லடிக்காரி
திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

வருகிற ஞாயிறு மகனுக்குப் பத்து வயது. கேக்கைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரர் செம்மறி இறைச்சியை உருண்டை பிடித்துப் பொரித்துத் தயிரில் தோய்த்துத் தின்பதைப் போனில் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கு இதுதான் வேணும்" என்று நிற்கிறான். ஆட்டிறைச்சிதானே, நமக்குத் தெரியாததா என்று நேற்று ஒத்திகை பார்த்தேன்.

அரைக் கிலோ இறைச்சி, எலும்பில்லாமல். மிக்ஸியில் போட்டு அரைத்தேன். ஒரு பெரிய வெங்காயம், இஞ்சி, உள்ளி, மிளகு, நற்சீரகம், மல்லித்தழை, ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா. இருபத்திரண்டு உருண்டை வந்தது. தேங்காய்ப்பால் கறி கொதித்துக்கொண்டிருந்தபோது ஒவ்வொன்றாகப் போட்டேன். மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் ஐந்துதான் உருண்டையாக இருந்தது. மற்றப் பதினேழும் கறியோடு கறியாகிவிட்டது. தப்பின ஐந்தும் மாங்கொட்டை மாதிரி. இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இறைச்சிச் சொதி நல்லாத்தான் இருக்கு" என்றார். அதோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

ஆட்டிறைச்சி விற்கிற விலைக்கு இன்னும் ஒரு அரைக் கிலோவைக் கரைக்க என்னால் முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்க. வீட்டில் ஓவன் இல்லை, கேஸ் அடுப்புத்தான்.

ஏறாவூர்க் காக்கா
திங்கள், இரவு 9.42

தங்கச்சி, மூன்று கேள்வி. இறைச்சி எந்தப் பக்கத்துத் துண்டு? அரைக்கும்போது குளிர்ந்து இருந்ததா, கடையில் இருந்து வந்த சூட்டோடு போட்டீங்களா? உப்பு எப்போது போட்டீங்க? இதற்குப் பதில் சொல்லுங்க, பிறகு பேசலாம்.

கல்லடிக்காரி
திங்கள், இரவு 9.55

தொடை. கொழுப்பெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுத் தாங்க என்று சொல்லி வாங்கினேன். கடையில் இருந்து வந்து கழுவி, உடனே அரைத்தேன். உப்பு கறிக்குத்தான் போட்டேன். உருண்டைக்குள் போடவில்லை, கறியில் கிடந்து ஊறும்தானே என்று நினைத்தேன்.

ஏறாவூர்க் காக்கா
திங்கள், இரவு 10.30

பிழை மூன்றும் உங்கள் பதிலுக்குள்ளேயே இருக்கிறது. வாப்பாவின் இறைச்சிக் கடையில் பத்து வருடம் கத்தியோடு நின்றவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்க.

முதலில் கொழுப்பு. மகன் பார்த்த வீடியோவில் இருப்பது செம்மறிக்குட்டி. அதன் தசைக்குள்ளேயே கொழுப்பு இழையோடி இருக்கும். நம் பக்கத்துக் கடைகளில் தொங்குவது பெரும்பாலும் வெள்ளாடு. வெள்ளாடு தன் கொழுப்பை வயிற்றுக்குள்ளே, குண்டிக்காயைச் சுற்றிச் சேர்த்து வைக்கிற சாதி. தொடையில் இருப்பதே கொஞ்சம், அதையும் நீங்கள் எடுத்துவிடச் சொல்லி இருக்கிறீங்க. உருண்டை மெதுவாக இருக்க வேண்டும் என்றால் ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பு வேண்டும். அடுத்த தடவை தோள்பட்டைப் பக்கம் கேளுங்க. நானூறு கிராம் இறைச்சிக்கு நூறு கிராம் கொழுப்பைத் தனியாக வெட்டிப் போடச் சொல்லுங்க. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

அடுத்தது உப்பு. இதுதான் பெரிய பிழை. தசையில் மயோசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. உப்புப் பட்டுப் பிசைந்தால்தான் அது கரைந்து வெளியே வந்து பசையாகும். சூடு பட்டதும் அந்தப் பசை இறுகி உருண்டையைக் கட்டிப் பிடிக்கும். உங்கள் உருண்டையில் உப்பே இல்லை, ஆகவே பசையும் இல்லை. முட்டையும் மாவும் போட்டு அதை ஈடுகட்டப் பார்த்தீங்க. மா கொதிக்கிற கறிக்குள் போனால் என்ன செய்யும்? கரையும். அரைக் கிலோவுக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு.

கடைசியாகச் சூடு. மிக்ஸி அலகு சுற்றும்போது இறைச்சி சூடாகிவிடும், கொழுப்பு மெழுகிப்போய் அலகிலும் சட்டியிலும் ஒட்டிவிடும். கழுவின ஈரம் வேறு. இறைச்சியைத் துண்டாக்கி, ஈரத்தை ஒற்றி எடுத்து, ஐஸ் பெட்டியில் அரை மணித்தியாலம் வையுங்க. விளிம்பு மட்டும் விறைத்திருக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு அடியுங்க. ஒரே ஓட்டமாக ஓடவிட்டால் அது களி.

மருதமுனை ராத்தா
செவ்வாய், காலை 6.20

சுபஹுக்கு எழும்பி இதை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. காக்கா சொன்னதெல்லாம் சரி, மிக்ஸியைத் தவிர. உருண்டைக்கு மிக்ஸி வேண்டாம் புள்ள.

எங்கள் உம்மா பெரிய பலகையில் இறைச்சியைப் பரப்பி, இரண்டு கையிலும் இரண்டு கத்தி பிடித்துக் கொத்துவா. தட்டுத் தட்டென்று தெருவுக்கே கேட்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கொத்து ரொட்டி என்று நினைத்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் கொத்தி முடிந்ததும் கத்தியின் பட்டையால் அள்ளி மடித்து, மறுபக்கம் திருப்பிக் கொத்துவா. அரிசிக் குருணை அளவு வந்ததும் நிறுத்துவா. கடித்தால் இறைச்சி என்று தெரியும். மிக்ஸியில் அரைத்தால் மீன் கட்லட் மாதிரி ஒரே சீராகப் போய்விடும்.

பிறகு உப்பைத் தூவிக் கையால் பிசைய வேண்டும். முதலில் பிரிந்து பிரிந்து வரும், விரலில் ஒட்டாது. மூன்று நான்கு நிமிடத்தில் நிறம் கொஞ்சம் வெளிறி, விரலுக்கு இடையே நூல் மாதிரி இழுபடும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அப்பி, கையைக் கவிழ்த்துப் பாருங்க. விழாமல் நின்றால் சரி. முட்டை எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் போட்டதில்லை. நாங்கள் கூடுதலாக மாட்டிறைச்சியில்தான் செய்வோம், பெருநாளைக்குக் குர்பான் ஆடு கிடைத்தால் ஆட்டில். முறை ஒன்றுதான்.

கல்முனைத் தம்பி
செவ்வாய், காலை 8.05

எனக்கு ஒரு சந்தேகம். கடையில் பாக்கெட்டில் உறையவைத்த உருண்டை விற்கிறதே, அதை வாங்கினால் என்ன?

மருதமுனை ராத்தா
செவ்வாய், காலை 8.09

வாங்கலாம் தம்பி. இந்த இழையைத் திறக்காமலும் இருந்திருக்கலாம்.

புளியந்தீவு பழசு
செவ்வாய், முற்பகல் 11.15

உருண்டை என்றதும் எனக்கு வேறொரு வீட்டு ஞாபகம் வருகிறது. எழுபதுகளில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் ஒரு பறங்கிக் குடும்பம் இருந்தது. நத்தாருக்கு முதல் நாள் அந்த வீட்டு அன்ரி பிரிக்கடல் செய்வா. ஒரு பெரிய பாக்கு அளவு உருண்டை, வெளியே ரஸ்க் தூள் பிரட்டிப் பொரித்தது. பேணியில் போட்டு எங்களுக்கும் அனுப்புவா. அம்மா வெள்ளிக்கிழமை என்றால் எடுத்துச் சனிக்கிழமைக்கு வைப்பா, நாங்கள் அதற்குள் பேணியை முடித்துவிடுவோம்.

பிரிக்கடல் ஒல்லாந்தரோடு வந்த சொல். லம்பறைஸ் பொதியில், வாழையிலைக்குள் சோற்றோடு வைப்பதும் இதைத்தான். மட்டக்களப்புப் பறங்கியரோ பெரும்பாலும் போர்த்துக்கேய வழி, வீட்டில் போர்த்துக்கேய மொழி பேசினவர்கள். ஒல்லாந்தர் 1638இல் அந்தப் போர்த்துக்கேயரிடம் இருந்துதான் இங்கே கோட்டையைப் பிடித்தார்கள். சண்டை போட்டவர்களின் பண்டம் எப்படி மற்றவர் சட்டிக்குள் போனதோ! அடுப்படிக்கு அரசியல் தெரியாது போல.

சரி, சொல்ல வந்தது இது. அந்த அன்ரி மா போட மாட்டா. முதல் நாள் பாணின் கரையை வெட்டிவிட்டு, பாலில் ஊறவைத்து, பிழியாமல் கூழாகப் பிசைந்து இறைச்சியில் சேர்ப்பா. ஏன் என்று அப்போது தெரியாது. காக்காவைக் கேட்டால் ஒரு புரதத்தின் பெயர் சொல்லுவார்.

ஏறாவூர்க் காக்கா
செவ்வாய், பிற்பகல் 1.20

இதற்குப் புரதம் இல்லை ஐயா, மாப்பொருள். ஊறின பாண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறைச்சி வேகும்போது சுருங்கித் தண்ணீரைக் கக்கும்தானே, அதுவும் உருண்டைக்குள்ளேயே நிற்கும். புரதம் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பின்னுவதையும் பாண் இடையில் நின்று தடுக்கும். அதனால்தான் மெதுவாக வரும். பச்சை மாவை அப்படியே போட்டால் இந்த வேலை நடக்காது, வாயில் மா மணக்கும். அரைக் கிலோவுக்கு ஒரு துண்டுப் பாண், மூன்று மேசைக்கரண்டி பால். அதற்கு மேல் போட்டால் அது பாண் உருண்டை.

தோஹா மச்சான்
செவ்வாய், மாலை 5.50

சம்மாந்துறை நான், பன்னிரண்டு வருடமாக இங்கே கத்தாரில். இங்கே தெருவுக்குத் தெரு கோஃப்தாதான். பாரசீகத்தில் குஃப்தன் என்றால் இடித்தல், அடித்தல். அந்த வினையில் இருந்து வந்த பெயர். ராத்தாவின் உம்மா சரியாகத்தான் செய்திருக்கிறா.

மகன் பார்த்தது அநேகமாக இந்த வகையாகத்தான் இருக்கும். கறியே கிடையாது. என் அறையில் கூட இருக்கும் சிரியாக்காரர் செய்வதைச் சொல்கிறேன். அரைக் கிலோ செம்மறிக் கொத்து. ஒரு வெங்காயத்தைத் துருவி, துணியில் போட்டு நன்றாகப் பிழிந்து, சக்கையை மட்டும் போடுவார். சாறு உள்ளே போனால் உருண்டை பிளக்கும் என்பார். உள்ளி மூன்று பல். நற்சீரகத்தூள் ஒரு தேக்கரண்டி, மல்லித்தூள் ஒரு தேக்கரண்டி, கறுவாத்தூள் அரை, மிளகு அரை, பப்ரிகா ஒன்று, புதினா ஒரு பிடி. அவ்வளவுதான். வறுத்த கறித்தூள் கிட்டவும் வராது. ஓவனில் 200 பாகையில் பதினைந்து பதினெட்டு நிமிடம்.

கறுவாவைப் பயப்படாமல் போடுங்க அக்கா. வெளிநாட்டில் கறுவா என்று விற்பது பல நேரம் கசியா, தடித்த பட்டை, உறைப்பு. நம் நாட்டுக் கறுவா மெல்லிசு, இனிப்பு மணம். ஆட்டிறைச்சிக்கு அதுதான் வாசி. பப்ரிகாவுக்கு அலைய வேண்டாம், செத்தல் கொச்சிக்காயின் விதையை உதறிவிட்டு இடித்துப் போடுங்க.

கல்லடிக்காரி
செவ்வாய், இரவு 8.40

இவ்வளவு பேர் எழுதுவீங்க என்று நினைக்கவில்லை. நன்றி. கறி வேண்டாம், பொரித்துத் தயிரோடு கொடுக்கிறேன். நாளை கால் கிலோவில் மட்டும் இன்னொரு ஒத்திகை. நாட்டு ஆட்டுக்கு வாடை கொஞ்சம் கூட என்று பயமாக இருக்கிறது. பப்பாசிக்காய் போட்டால் மெதுவாகும், வாடையும் போகும் என்று மாமி சொல்கிறா, போடலாமா?

களுவாஞ்சிக்குடியான்
செவ்வாய், இரவு 8.52

போடாதீங்க! போடாதீங்க! போன வருடம் நான் பட்ட பாடு. முழு இறைச்சிக்குப் போடுகிற கணக்கில் கொத்தின இறைச்சிக்கும் பப்பாசிக்காயை அரைத்துப் போட்டு, இரவு முழுக்க பிரிட்ஜில் வைத்தேன். காலையில் எடுத்தால் கரண்டியால் ஊற்றலாம். உருண்டை பிடிக்கப் போனால் விரலிடுக்கால் வழிகிறது. கடைசியில் அதை ரொட்டிக்குள் வைத்துச் சுட்டோம். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் இது புது வகை என்று சொல்லிச் சமாளித்தோம்.

ஏறாவூர்க் காக்கா
செவ்வாய், இரவு 9.15

பப்பாசிப் பாலில் பப்பேயின் இருக்கிறது. புரதத்தை வெட்டிவிடுகிற வேலை அதற்கு. பெரிய துண்டில் மேற்பரப்பைத்தான் தொடும். கொத்தின இறைச்சி முழுக்க மேற்பரப்புத்தானே! நாம் உப்புப் போட்டுப் பசை எடுக்கப் பார்க்கிறோம், அது பசையை வெட்டுகிறது. இரண்டும் ஒரு சட்டியில் ஒத்துப்போகாது.

வாடைக்கு வழி ஆட்டைப் பார்த்து வாங்குவது. விதை நசுக்காத கிடாய் என்றால் வாடை தூக்கும். இளம் ஆடு, இல்லாவிட்டால் மறி கேளுங்க. வாடை கூடுதலாகக் கொழுப்பில்தான் இருக்கும், மஞ்சளாகப் பழுத்த கொழுப்பைத் தள்ளிவிட்டு வெள்ளையாக இருப்பதை எடுங்க. மிச்சத்தை இஞ்சியும் புதினாவும் பார்த்துக்கொள்ளும்.

மதுரையில் படித்தவன்
புதன், காலை 7.30

யாரும் கோளா உருண்டையைப் பற்றிப் பேசவில்லையே? மதுரையில் நாலு வருடம் இருந்தேன், அங்கே கொத்துக்கறியை முதலில் வதக்கி, நீர் வற்றிய பிறகு பொட்டுக்கடலை மாவு, தேங்காய், சோம்பு, கசகசா சேர்த்து அரைத்து, உருட்டிப் பொரிப்பார்கள். இறைச்சி ஏற்கெனவே வெந்தது, அதனால் உடையுமா, உள்ளே வெந்ததா என்ற கவலையே இல்லை. மேலே மொறுமொறுப்பு, உள்ளே பூப்போல. முதல் தடவை செய்கிறவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

தோஹா மச்சான்
புதன், காலை 7.48

நல்ல பண்டம்தான், ஆனால் அது வேறு சாமான் மச்சான். பிள்ளை கேட்டது கடித்தால் சாறு வருகிற உருண்டை. வெந்ததை அரைத்து உருட்டினால் சாறு எங்கிருந்து வரும்?

மதுரையில் படித்தவன்
புதன், காலை 7.55

சாறு வேண்டும் என்றால் ரசம் குடிக்கலாம்.

மட்டுறுத்துநர்
புதன், காலை 8.30

கோளா உருண்டைக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். சண்டையை அங்கே தொடரலாம். படத்தோடு போட்டால் நல்லது.

நிந்தவூர் தாதி
புதன், பிற்பகல் 2.10

வேலை இடைவேளையில் எழுதுகிறேன், சுருக்கமாக. முழுத் துண்டு இறைச்சியில் கிருமி வெளிப்பக்கத்தில்தான் இருக்கும், சட்டியில் பட்டதும் போய்விடும். கொத்தினால் அந்த வெளிப்பக்கம் உள்ளே கலந்துவிடும். அதனால் உருண்டையின் நடு வரை வேக வேண்டும். 71 பாகை செல்சியஸ் என்பது கணக்கு. ஊசி மாதிரி வெப்பமானி இருந்தால் குத்திப் பாருங்க. இல்லாவிட்டால் உருண்டையைச் சின்னதாகப் பிடியுங்க, பெரியதில் ஒன்றை நடுவால் பிளந்து பாருங்க, பச்சைச் சிவப்பு இருக்கக் கூடாது. நிறத்தை மட்டும் முழுக்க நம்பவும் முடியாது, ஆகவே இரண்டு நிமிடம் கூட வைப்பதில் பிழையில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் கூட்டமாகச் சாப்பிடப் போகிறார்கள்.

உப்புச் சரியா என்று பச்சையாக நாக்கில் வைத்துப் பார்க்காதீங்க. ஒரு சின்ன வில்லையைத் தாச்சியில் சுட்டு ருசி பாருங்க. கொத்தின இறைச்சி அன்றைக்கே முடிய வேண்டும். நம் ஊர் வெக்கைக்கு மேசையில் வைத்துவிட்டு வாசலில் கதைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. பலகை, கத்தி, கை மூன்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு மற்ற வேலை.

கல்லடிக்காரி
புதன், இரவு 9.30

இரண்டாம் ஒத்திகை முடிந்தது. தோள்பட்டை இருநூறு, குண்டிக்காய்க் கொழுப்பு ஐம்பது. கடைக்காரர் காக்கா சொன்ன மாதிரியே பார்த்தார். இரண்டு கத்தியால் கொத்தினேன். பத்து நிமிடத்தில் தோள்மூட்டு விட்டுப்போய்விட்டது, மிச்சத்தை இவர் கொத்தினார். (ஆமாம், இப்போது பேசுகிறோம்.) உப்புப் போட்டுப் பிசைந்ததும் ராத்தா சொன்ன நூல் வந்தது! கையைக் கவிழ்த்தேன், நின்றது. அதைப் பார்த்து மகன் கை தட்டினான்.

பதினொரு உருண்டை, ஒன்றுகூட உடையவில்லை. இரண்டு குறை. ஒன்று, நாலைந்தில் மேலே வெடிப்பு. மற்றது, சுடச்சுட நல்லாத்தான் இருந்தது, அரை மணித்தியாலம் கழித்துத் தின்றால் மேல்வாயில் மெழுகு ஒட்டின மாதிரி இருக்கிறது. ஞாயிறு பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்துதான் சாப்பிடுவார்கள், அதுவரை சூடாக எப்படி வைப்பது?

மருதமுனை ராத்தா
வியாழன், காலை 6.05

வெடிப்புக்குக் காரணம் கை காய்ந்திருப்பது. உள்ளங்கையில் கொஞ்சம் எண்ணெய் தடவி, முதலில் இறுக்கி, பிறகு இளக்கி உருட்டுங்க. கோடு தெரிந்தால் விரலில் தண்ணீர் தொட்டுத் தடவி மூடுங்க. உருட்டினதும் அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைக்க வேண்டும், நீங்கள் உடனே பொரித்திருப்பீங்க. தாச்சியில் போட்டதும் கிண்டக் கூடாது. அடி சிவந்தால் தானாகக் கழன்று வரும், அதற்கு முன் கரண்டியால் தோண்டினால் தோல் சட்டியோடு போய்விடும்.

மெழுகுக்கு எனக்கு வழி தெரியாது. எங்கள் வீட்டில் அரை மணித்தியாலம் எதுவும் மிஞ்சியதில்லை.

ஏறாவூர்க் காக்கா
வியாழன், காலை 9.40

அது என் பிழை. குண்டிக்காய்க் கொழுப்பு மிச்சம் இறுக்கமானது, நம் உடம்புச் சூட்டில்கூடச் சரியாக உருகாது. சுடச்சுடத் தின்கிற கடைக்கு ஓகே, பிறந்தநாள் மேசைக்கு ஆகாது. அதைப் பாதியாகக் குறையுங்க. மிச்சப் பாதிக்கு என்ன போடலாம் என்று யோசிக்கிறேன். நெய்?

புளியந்தீவு பழசு
வியாழன், முற்பகல் 10.25

தேங்காய் நாட்டில் இருந்துகொண்டு நெய்யைத் தேடுவானேன்? பாணை ஊறவைக்கப் பசும்பாலுக்குப் பதிலாகத் தேங்காயின் முதற்பாலை விடுங்க. தேங்காய்க் கொழுப்பு நம் ஊர் வெயிலுக்கே உருகி நிற்கிற சாமான், வாயில் ஒட்டாது. தண்ணீர் விடாமல் கெட்டியாகப் பிழிந்த பாலாக இருக்க வேண்டும்.

ஏறாவூர்க் காக்கா
வியாழன், முற்பகல் 10.31

ஐயா, பத்து வருடம் கடையில் நின்ற எனக்கு இது தோன்றவில்லை. தங்கச்சி, அதையே செய்யுங்க. தேங்காய்ப்பால் இனிக்கும், அதனால் மிளகைக் கொஞ்சம் கூட்டுங்க.

தோஹா மச்சான்
வியாழன், மாலை 6.15

தயிரை யாரும் பேசவில்லை. இங்கே நாங்கள் டப்பாத் தயிருக்குக் காசு கொடுக்கிறோம், நீங்கள் எருமைத் தயிர்ச் சட்டிக்கு நடுவே இருக்கிறீங்க. பசும்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்புக் கிட்டத்தட்ட இரு மடங்கு, அதனால்தான் கரண்டியால் வெட்டி எடுக்கிற பதம். மேலே நிற்கிற ஏட்டோடு இரண்டு கோப்பை எடுத்து, மெல்லிய துணியில் அரை மணித்தியாலம் கட்டித் தொங்கவிட்டு, உள்ளி ஒரு பல்லைத் துருவிப் போட்டு, உப்பு, நறுக்கின புதினா, தேசிக்காய் நாலு சொட்டு. அடியுங்க, ஆனால் தண்ணியாக்காதீங்க. ஊருக்கு வந்தால் முதலில் தின்பது அதுதான், உருண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கல்முனைத் தம்பி
வியாழன், மாலை 6.20

தயிருக்கு உள்ளியா? சீனி போட்டுத்தானே தின்போம்!

தோஹா மச்சான்
வியாழன், மாலை 6.22

ஒரு நாள் போட்டுப் பாருங்க தம்பி. பிறகு வந்து திட்டுங்க.

கல்லடிக்காரி
ஞாயிறு, இரவு 10.45

பிள்ளைகள் போய், பாத்திரம் கழுவி, இப்போதுதான் உட்கார்ந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு கிலோ எடுத்தேன். தோள்பட்டை தொள்ளாயிரம், வெள்ளைக் கொழுப்பு நூறு. காலை ஏழு மணிக்கே வாங்கி, துடைத்து, துண்டாக்கி, ஐஸ் பெட்டியில் அரை மணித்தியாலம். பாதியைக் கத்தியால் கொத்தினோம், பாதியை மிக்ஸியில் விட்டு விட்டு அடித்தேன். ராத்தா மன்னிக்க வேண்டும், தோள் ஒத்துழைக்கவில்லை. இரண்டு துண்டுப் பாணை ஆறு மேசைக்கரண்டி முதற்பாலில் ஊறவைத்து மசித்தேன். இரண்டு வெங்காயம் துருவிப் பிழிந்த சக்கை, உள்ளி ஆறு பல், ஒரு துண்டு இஞ்சி, நற்சீரகமும் மல்லியும் இரண்டிரண்டு தேக்கரண்டி இலேசாக வறுத்து இடித்தது, கறுவாத்தூள் ஒன்று, மிளகு ஒன்றரை, செத்தல் கொச்சிக்காய்த்தூள் ஒன்று, புதினா, மல்லித்தழை, உப்பு இரண்டு. முட்டை இல்லை, மா இல்லை. உப்பும் இறைச்சியும் மட்டும் முதலில் பிசைந்து, நூல் வந்த பிறகு மற்றவற்றைச் சேர்த்தேன். ஒரு வில்லை சுட்டுப் பார்த்ததில் உப்புக் கொஞ்சம் குறைவு, அரைத் தேக்கரண்டி கூட்டினேன்.

நாற்பத்து மூன்று உருண்டை. தாச்சியில் எண்ணெய் நிறைய விடவில்லை, அடி மூடுகிற அளவுதான். ஒரு தடவைக்குப் பத்து. நெருக்கிப் போட்டால் நீர் விட்டு வேகுமே தவிரச் சிவக்காது, அது இரண்டாம் தொகுதியில் தெரிந்தது. நாலு பக்கமும் சிவந்ததும் தீயைக் குறைத்து, ஒரு மூடி போட்டு ஐந்து நிமிடம். தாதி அக்கா சொன்னபடி பெரியதில் ஒன்றைப் பிளந்தேன். சாறு தெளிவாக வழிந்தது, நடுவில் பச்சை இல்லை.

தயிரைச் சட்டியோடு மேசையில் வைத்தேன். பிள்ளைகள் முதலில் உள்ளித் தயிரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒருத்தி தோய்த்துத் தின்றாள், அதோடு சட்டி சுரண்டும் சத்தம்தான். ஆறிப்போன உருண்டையையும் தின்று பார்த்தேன், மேல்வாயில் ஒட்டவில்லை. பழசு ஐயாவுக்குக் கோடி நன்றி. இவருக்கு மூன்றுதான் கிடைத்தது. இன்னும் கொஞ்சம் சொதி வைத்திருக்கலாம் என்றார்.

களுவாஞ்சிக்குடியான்
ஞாயிறு, இரவு 10.58

படம் எங்கே?

கல்லடிக்காரி
ஞாயிறு, இரவு 11.02

எடுக்க நினைத்தபோது தட்டில் புதினா மட்டும்தான் இருந்தது.

மருதமுனை ராத்தா
திங்கள், காலை 6.10

பாதி மிக்ஸியை மன்னித்தேன். மகனுக்கு என் துஆ. அடுத்த தடவை உருட்டினதைப் பச்சையாகவே தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி ஐஸ் பெட்டியில் இறுகவைத்து, பிறகு பையில் போட்டு மூடிவிடுங்க. வேண்டிய நேரம் முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கி இளகவைத்துப் பொரிக்கலாம். நேரே தாச்சியில் போட்டால் வெளி கருகி நடு ஐஸாக நிற்கும்.

கல்லடிக்காரி
திங்கள், காலை 7.25

சரி ராத்தா. இப்போதுதான் மகனின் பள்ளிக்கூடப் பையைத் திறந்தேன். ஒரு டிசுவில் சுற்றி ஆறு உருண்டை. இரவு முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறது. தாதி அக்காவுக்குச் சொல்லிவிடாதீங்க, குப்பையில் போட்டுவிட்டேன். அவன் இன்னும் அழுதுகொண்டிருக்கிறான்.